எஞ்சின் இருக்கவேண்டிய இடம்

எங்கள் வீட்டுக் கராஜில் நிற்கும் கார் தன் சில்லுகளால் ஒரு வீதியையும் தொட்டதில்லை. போன ஊர்களுக்கெல்லாம் வேறு வண்டி இழுக்கும் ரெயிலரின் முதுகில் ஏறித்தான் போயிருக்கிறது.

பார்ப்பதற்கு ஏதோ பழைய காலத்துப் பிரபு ஒருவரின் கார் போல இருக்கும். நீண்ட பொனற், வளைந்து இறங்கும் மட்காட், முன்னால் இரண்டு பெரிய வட்ட விளக்குகள். விரலால் தட்டினால் பிளாஸ்டிக் வாளியின் சத்தம் வரும். உடல் முழுவதும் பைபர் கிளாஸ். அடியில் இருப்பது ஒரு பழைய ஜெர்மன் சின்னக் காரின் அடிச்சட்டத் தட்டு. ஒரு காலத்தில் இப்படியான உடல்களைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பொருத்திப் பூட்டத் தொடங்கிய டேனிஷ்காரர்கள் பலர். முடித்தவர்கள் குறைவு. இந்தக் காரில் எஞ்சின் வரவேண்டியது பின்னால். முன்னாலிருக்கும் அந்தக் கம்பீரமான பொனற்றுக்குள் எந்தக் காலத்திலும் ஒன்றும் இருக்கப்போவதில்லை.

அப்பா பிராண்டேயில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கண்ணாடி நார்த் துணியை விரித்து, பிசின் பூசி, காற்றுக் குமிழ் நிற்காமல் உருட்டி எடுப்பது அவருடைய வேலை. கூட வேலை செய்த ஒரு டேனிஷ்காரர் விவாகரத்தாகி வீட்டை விற்றபோது, தான் பாதியில் விட்டிருந்த காரைக் கொண்டுபோகச் சொன்னார். உடலில் அங்கங்கே வெடிப்பு. அப்பாவுக்கு வெடிப்பு ஒரு பொருட்டே இல்லை. எஞ்சின் இல்லாததைத்தான் அவர் யோசித்திருக்கவேண்டும்.

அது எனக்குச் சாமத்திய வீடு செய்ய நாள் வைத்திருந்த வருடம். ஒரு பெண்பிள்ளை பெரியவளானதை ஊருக்குச் சொல்லும் அந்தக் கொண்டாட்டம் இந்த நாட்டில் ஒரு போட்டியாக மாறியிருந்தது. ஒருத்தி பல்லக்கில் வந்தாள். இன்னொருத்தி குதிரை வண்டியில் வந்தாள். அப்பா கோயிலில், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார்: "என்ர பிள்ளை காரில வருவாள். நான்தான் ஓட்டிக்கொண்டு வருவன்."

நாள் வந்தது. எஞ்சின் வரவில்லை. சேலையும் நகையுமாக என்னை ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருத்தி, மாமாமாரும் சித்தப்பாமாரும் சேர்ந்து, கொண்டாட்டத்துக்கு வாடகைக்கு எடுத்த விளையாட்டு ஹோலுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். தரையில் விரித்திருந்த சிவப்புத் துணியின் நடுவே கார் நேராகப் போவதற்காக முன்பக்கத்தைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அது எதனோடும் பூட்டப்பட்டிருக்கவில்லை. விளையாட்டுச் சாமான் போலக் கைக்குள் சுற்றியது.

"பெட்டை ஓடுறாள் பாருங்கோ!" என்று ஒரு மாமா கத்தினார். "லைசன்ஸ் இருக்கோ பிள்ளை?"

ஹோல் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அந்த வீடியோ இன்னும் வீட்டில் இருக்கிறது. நான் சிரிக்கவில்லை என்பது அதில் தெளிவாகத் தெரியும்.

அதோடு முடிந்திருக்கவேண்டிய விஷயம். ஆனால் எஸ்பியர்க்கிலிருந்து ஒருவர் கேட்டார்: "அண்ணை, அந்தக் காரை எங்கட மகளுக்கும் ஒருக்காத் தாங்கோவன்." பிறகு இன்னொருவர். அப்பா வெடிப்புகளை அடைத்து, தேய்த்து, பால் நிறம் பூசினார். தொழிற்சாலையில் ஒருவரும் அவருடைய பெயரைச் சரியாக உச்சரிப்பதில்லை. எங்கள் ஆட்களிடையே அவர் 'கார்க்கார அண்ணை' ஆனார். கார் மண்டபம் மண்டபமாகப் போனது. எஞ்சின் பற்றிய கதை மெல்ல நின்றுபோனது.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிப் படிப்பை முடித்தவர் எவரும் இல்லை. நான் ஓல்போர்க்கில் இயந்திரப் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றேன். இதை அடக்கமாகச் சொல்லவேண்டிய அவசியம் எனக்கில்லை. பட்டம் கிடைத்த அன்று என்ன வேண்டும் என்று அப்பா கேட்டார். தங்கச் சங்கிலி கேட்பேன் என்று நினைத்திருப்பார்.

"காரை நான் முடிக்கிறன்," என்றேன். "எஞ்சின் பூட்டி, சோதனைக்குக் கொண்டுபோய், நம்பர் பிளேட் எடுப்பம். உங்களைப் பக்கத்தில இருத்தி எஸ்பியர்க் கடற்கரைக்கு நான் ஓடுவன்."

"ஓம் பிள்ளை, செய்யும். ஆர் வேண்டாமெண்டது?"

ஈஸ்டர் விடுமுறைக்கு ஓல்போர்க்கிலிருந்து வீட்டுக்குப் போய் முதலில் ஸ்டியரிங்கைப் பூட்டினேன். அதைத்தான் முதலில் செய்யவேண்டும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அப்பா ரோர்ச் வெளிச்சம் பிடித்தார். தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். போனில் யார் எடுத்தாலும், "மகள் காருக்குக் கீழ கிடக்கிறாள், இஞ்சினியரெல்லோ," என்றார். நான் கீழே படுத்துக்கொண்டு கேட்டேன். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சில்லு திரும்புகிறது என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. எஞ்சினும் பூட்டிய பிறகு அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோடையில் ஒரு பழைய எஞ்சினைத் தேடி வாங்கி, கழற்றித் துடைத்துப் பூட்டி, வாடகைக்கு எடுத்த வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கராஜைத் திறந்து காரின் பின்மூடியைத் தூக்கினேன்.

எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் பால் நிறத்தில் ஒரு தொட்டி. சுற்றிவரப் பைபர் கிளாஸால் வார்த்து, மூலைகளை உருட்டி, சட்டத்தோடு ஒட்டியிருந்தார். குறை சொல்வதற்காக ஒரு குமிழ் தேடினேன். இல்லை.

"அப்பா, இது என்ன?"

"புகை மெஷின் வைக்க. விபோர்க் மாமா கேட்டவர், நாளைக்கு அவற்ற மகளுக்குச் சாமத்திய வீடு. பின்னுக்கால புகை வந்தா கார் ஓடி வாற மாதிரியே இருக்கும்."

"ஓடி வாற மாதிரியோ? எஞ்சின் வாசல்ல நிக்குது. உண்மையாவே ஓடும்."

"எஞ்சின் ஏத்தினா பாரம். ஆர் பிறகு தள்ளுறது? ஹோலுக்குள்ள எண்ணெய் சிந்தினா அடுத்த முறை ஹோலைத் திறந்து தருவாங்களோ?"

"எனக்கு ஓமெண்டு சொன்னீங்கள்."

"சொன்னன்தான்." அவர் தொட்டியின் விளிம்பைத் தடவினார். "நீர் படிச்ச பிள்ளை. எத்தினை காரும் வாங்குவீர். எனக்கு இது ஒண்டுதானே."

அம்மா குசினிக் கதவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பல்லக்குக்கு ஆரும் எஞ்சின் பூட்டுவினமே?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அது யாருக்குச் சொன்னது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த நாள் விபோர்க்குக்கு நானும் அதே வானில் போனேன். அந்தப் பிள்ளையை ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருத்தி, சேலை மடிப்பைச் சரிசெய்து கொண்டிருந்தார்கள். அவள் என்னிடம் டேனிஷில் கேட்டாள், இது ஓடுமா என்று.

"ஓடாது," என்றேன் நானும் டேனிஷில். "ஆனால் ஸ்டியரிங் வேலை செய்யும்."

நாதஸ்வரப் பாட்டுப் போட்டார்கள். பின்னால் புகை கிளம்பியது. தள்ளினார்கள். நடுவழியில் அவள் ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பினாள். கார் சிவப்புத் துணியை விட்டிறங்கி, வீடியோக்காரரை நோக்கித் திரும்பியது. அவர் கமராவோடு பின்னால் பாய்ந்தார்.

"இழுக்குது, இழுக்குது! முன்னைத் தூக்கடா!"

"ஆரடா இதைப் பூட்டினது?"

அன்று முழுவதும் பொம்மை போல இருந்த பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் குனிந்து, எனக்கு மிகவும் பழக்கமான அந்த மென்மையான குரலில் சொன்னார்: "அம்மாச்சி, அதில பிடியாதையும். ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு முன்னுக்குப் பாரும்."

அவள் கையை எடுத்தாள். முன்பக்கத்தைத் தூக்கி மறுபடி துணியில் வைத்தார்கள்.

நான் சாப்பிடாமல் வெளியே வந்து, வானில் எஞ்சினோடு ஓல்போர்க்குக்குத் திரும்பினேன். பாதி வழியில் அம்மா போனில் கூப்பிட்டார். பின்னால் ஹோலின் சத்தம் கேட்டது.

"அப்பா கேக்கச் சொன்னவர். அந்த ஸ்டியரிங்கை எப்பிடிக் கழட்டுறதாம்?"

அவர் குமிழில்லாமல் வார்ப்பார். பூட்டியதைக் கழற்ற அவருக்குத் தெரியாது. எப்படி என்று நான் இன்னும் சொல்லவில்லை.