பொன்னம்மையின் பிடியரிசி

பொன்னம்மை எங்கள் சபையைச் சேர்ந்தவள் என்று சொன்னால் அந்தக் காலத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். ஞானஸ்நானம் பெறாதவள், வேதக்கோயிலுக்குள் கால் வைக்காதவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மழை தூறினாலே ஆராதனைக்கு மட்டம் போடுகிற எங்களைவிட அவள் இயேசுவுக்கு நல்ல சீஷி.

அவள் புருஷன் நெல்லையப்பன் நாஞ்சில் நாட்டுக்காரர். திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் ஜவுளிக்கடை, மூக்குக்கு மேல் கோபம். எங்கள் சபை ரத்னாபாய் வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். அப்படி வாசிக்கக் கற்ற பொன்னம்மை வேதத்தை வாசித்து இயேசுவைப் பற்றிக்கொண்டாள். தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது.

"மனசுல என்ன வேணும்னாலும் நினைச்சுக்கோ. வேதக்கோயில் படி ஏறினா பின்னே இந்த வீட்டுப் படி ஏறப்பிடாது, கேட்டியா?" என்றார் நெல்லையப்பன். பிள்ளைகளை விட்டு அவள் எங்கே போவாள்?

மிஞ்சியது பிடியரிசி ஒன்றுதான். எங்கள் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனிக் கலயத்தில் போடுவோம். மாதக் கடைசியில் அது சபைக்குப் போகும். அவளும் போட்டாள், ரத்னாபாய் பின்வாசலில் வந்து வாங்கிக்கொள்வாள். சபையோடு அவளுக்கு இருந்த ஒட்டுறவு அவ்வளவுதான். அதையும் நெல்லையப்பன் விடவில்லை. கலயத்தைக் கண்டால் எடுத்து அரிசிப் பானையில் கவிழ்ப்பார். "வீட்டு அரிசியைத் தொடாதே" என்று உத்தரவும் போட்டார். அவள் தன் சோற்றுக்கான அரிசியிலிருந்து ஒரு பிடியைக் குறைத்துப் போட ஆரம்பித்தாள். வருஷக்கணக்காக இப்படியே. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

யுத்தம் வந்து பர்மா அரிசி நின்றது. ஊரே மரச்சீனிக் கிழங்கைத் தின்றது. எங்களில் பலர் சத்தமில்லாமல் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டோம்.

ரத்னாபாயே, "போதும் பொன்னம்மை. இந்தப் பஞ்சத்துல கர்த்தர் கேக்கமாட்டாரு" என்றாள்.

"அவரு கேக்காருன்னா குடுக்கேன், அக்கா? எனக்குக் குடுக்கணும், குடுக்கேன்."

கர்க்கடக மாசத்து அடைமழையில் காய்ச்சலில் விழுந்தாள். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "காய்ச்சல் கிடக்கட்டும். இவங்க வயிறார உண்கிறது உண்டா?" என்று நெல்லையப்பனிடம் கேட்டார். இத்தனை காலமும் அவள் தன் வயிற்றிலிருந்து எடுத்துத்தான் கொடுத்தாள் என்பது அப்போதுதான் அந்த மனுஷனுக்கு உறைத்தது.

மறுநாள் அவரே கஞ்சி வைத்தார். பாயில் கிடந்தவள், "பிடியரிசி போடல்லியே" என்று அழுதாள்.

"போட்டாச்சு. மிண்டாம வாயை மூடிட்டுக் கெட."

கலயத்தை வாங்கிப் பார்த்தாள். ஆண்பிள்ளைக் கையின் பெரிய பிடி. "இம்புட்டா? பிள்ளையளுக்குக் காணுமா?"

"என் பங்குலதான் எடுத்தேன்."

மாதக் கடைசியில் ரத்னாபாய் வந்தபோது நெல்லையப்பன் அவளை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். பொன்னம்மை பதறி எழுந்து வந்தாள். அவர் கலயத்தை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார்.

"குடுக்கது நீ. பின்னே அவ எதுக்குச் சுமக்கணும்? நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, நீயே கொண்டுபோ."

மறுநாள் காலையில், கடைவீதி முழுக்கப் பார்க்க, பொன்னம்மை கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கிக் கோயிலுக்கு நடந்தாள்.