நட்டின் மேல் நெயில் பாலிஷ்

எங்கள் தெருவுக்கு வந்து என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கேட்டால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘கோடு போடறவர் வீடு எது’ என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். பழைய பிக்கப் வண்டி ஒன்று வைத்திருக்கிறார். கண்ணாடிக் கடையிலிருந்து ஆளுயரக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு போய்க் கட்டடம் கட்டுகிற இடங்களில் இறக்குவதுதான் பிழைப்பு. கடை மேட்டில் இருக்கிறது, கட்டடங்களெல்லாம் கீழே. இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியும் மிஞ்சாது, ஆளும் மிஞ்ச மாட்டார். அதனால் பிரேக்கிலிருந்து டயர் வரைக்கும் வண்டி வேலை முழுவதையும் அவரே பார்த்துக்கொள்வார். இன்னொருவர் கை அதில் படக் கூடாது.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் புது பிரேக் ஷூ வாங்கிக் கொடுத்து ஒரு பட்டறையில் வண்டியை விட்டார். அவர்கள் புதியதை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வண்டியிலிருந்தோ கழற்றிப் போட்ட பழசை மாட்டி அனுப்பிவிட்டார்கள். இறக்கத்தில் வண்டியை நிறுத்தியது பிரேக் இல்லை, ஒரு மதில் சுவர். அன்றோடு மனிதர் உலகத்தை நம்புவதை விட்டுவிட்டார். பட்டறைக்காரனை நம்ப வேண்டாம், சரி. துணி தேய்க்கிறவர் என்ன பாவம் செய்தார்? தேய்த்து வந்த சட்டையில் பட்டன்களை எண்ணிப் பார்க்கிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வீட்டுக்குப் பக்கவாட்டில், தகரக் கூரைக்கு அடியில் வண்டி நிற்கும். மற்றவர்கள் எப்போதாவது செய்கிற வேலையை இவர் மாதாமாதம் செய்வார். ஜாக்கி வைத்துத் தூக்குவார், சக்கரத்தைக் கழற்றுவார், பிரேக் ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார், டயர் பள்ளத்தில் நாணயத்தைச் செருகி அளப்பார், பிறகு மாட்டுவார். நட்டுகளை இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரம் வரைக்கும் ஒரு கோடு இழுப்பார். சிவப்பு நெயில் பாலிஷ் கோடு. எங்கள் பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகிற காலத்தில் ஆசையாக வாங்கிய பாட்டிலைப் பிடுங்கி ஆரம்பித்தது. தீர்ந்தால் அதே நிறத்தில் அவளைத்தான் வாங்கிவரச் சொல்வார். யாராவது நட்டைத் திருகினால் கோடு விலகிவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது அவர் கணக்கு.

பிரேக்குக்கு ஏர் எடுக்கிற நாளில் மட்டும் இன்னொரு ஆள் இல்லாமல் அவருக்கு ஆகாது. ஆயில் குழாய்க்குள் காற்று புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். மூடுவதற்கு முன் மேலே இருப்பவர் காலை எடுத்தால் போச்சு, காற்று திரும்ப உள்ளே போய்விடும். கீழே அவர், மேலே நான்.

“மிதி. பிடிச்சுக்கோ. எடுத்துட்டியா?”

“இல்லைங்க.”

“நிஜமாவே எடுக்கலையே?”

கட்டின பெண்டாட்டியின் காலையே நம்பாதவரோடு இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எங்கள் பெண் டார்ச் பிடிப்பாள். வெளிச்சம் ஒரு விரல் நகர்ந்தால் அவளுக்குத் திட்டு விழும். அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்தப் பெண்ணுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வேலை பார்க்கிற செல்போன் கடை எங்கள் வீட்டிலிருந்து பக்கம் என்பதால் இருவரும் பின்னறையிலேயே தங்கிவிட்டார்கள். எனக்கு அதில் எத்தனை சந்தோஷம் என்று சொல்லி முடியாது. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தால் எதையாவது சொல்லி என்னைச் சிரிக்கவைத்துவிடுவார். இவர்கள் போய்விட்டால் நானும் கோடு போடறவரும் மட்டும்தான்.

இந்த மழைக்காலத்துக்குப் பிறகு வீட்டில் ஒன்றும் சரியாக இல்லை. சந்தேகம் தொற்று நோய்தான் போலிருக்கிறது, எனக்கும் ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் டீ டம்ளரை இடது கையால் எடுக்க ஆரம்பித்தார். சாப்பிட்டதும் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருவார். வரும்போது புதினா வாசனை. இந்த மனிதருக்கு மிட்டாய் பழக்கமே கிடையாது. புதினா எதற்கு, வாயில் வேறு ஏதோ நாற்றத்தை மறைக்கத்தானே? குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். மத்தியானம் அவர் கண்ணயர்ந்தபோது வாயருகே போய் முகர்ந்து பார்த்தேன். சாராய நெடி இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பெண்ணின் மேலும் ஒரு கண் வைத்தேன். அலமாரியில் நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டில் மளமளவென்று தீர்ந்துகொண்டிருந்தது. அவள் நகத்திலோ வருஷக்கணக்காக ஒரு பூச்சும் இல்லை. கேட்டேன். சீப்பு துடைக்கிறேன் என்றாள். ரிமூவர் ஊற்றிச் சீப்பு துடைக்கிறவளை நான் பெற்றிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ இருக்கிறது, என்னிடம் மறைக்கிறாள் என்று மனதுக்குள் போட்டுக் குடைந்துகொண்டே இருந்தேன்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு வியாழக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் வண்டிப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார். போனேன். பின்சக்கரத்துக்கு எதிரே குந்தியிருந்தார். நாலு நட்டில் கோடு நேராக இருந்தது. ஐந்தாவதில் விலகியிருந்தது. நட்டின் மேல் இருந்த சிவப்பும் சக்கரத்தின் மேல் இருந்த சிவப்பும் ஒரு விரற்கடை தள்ளி நின்றன.

யாரோ சக்கரத்தைக் கழற்றியிருக்கிறான் என்றார். நல்ல டயரை உருவிக்கொண்டு மொட்டை டயரை மாட்டியிருப்பான் என்று டயரின் நம்பரைப் பார்த்தார். அதே டயர். அப்படியானால் உள்ளே பிரேக் ஷூவில் கை வைத்திருப்பான் என்று அன்றைக்கு ஏற்ற வேண்டிய லோடைத் தள்ளிப்போட்டுவிட்டு எல்லாவற்றையும் பிரித்தார். அதே ஷூ. எதுவும் திருடு போகவில்லை என்றால் சாதாரண ஆளுக்கு நிம்மதி வரும். இவருக்கோ பயம் கூடிவிட்டது. ஒன்றையும் எடுக்காமல் போகிறவன் பெரிதாக ஏதோ திட்டம் வைத்திருக்கிறான் என்றார். திருப்பி மாட்டும்போதே முடிவுக்கு வந்துவிட்டார். போன வாரம் மாப்பிள்ளை வண்டியைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தாராம். விற்கத்தான் எடுத்திருப்பார், எவனையோ கூட்டிவந்து வண்டியைப் பிரித்துக் காட்டியிருக்கிறார் என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்கவே ஆள் வேண்டும். கடைக்குப் புதிதாக வந்த போனில் கேமரா எப்படி என்று பார்க்க எதிரே இருந்ததை எடுத்தார், அவ்வளவுதான். சொன்னேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை டீ குடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வீல் ஸ்பேனரைக் கொண்டுவந்து அவர் முன்னால் மேஜைமேல் வைத்தார்.

“மாப்பிள்ளை, இதை எப்போ எடுத்தீங்க?”

மாப்பிள்ளை அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இது என்ன மாமா?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. இந்த வீட்ல என்னை விட்டா ஆம்பளை நீங்க ஒருத்தர்தான். நட்டு தானா திரும்பாது.”

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கிற பிள்ளை, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். தன் மேல் இப்படி ஒரு சொல் விழுந்த வீட்டில் இனிமேல் சாப்பாடு இறங்காது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு வீடு பார்த்துவிடுகிறேன் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு ஈரக்குலையை அறுத்தது. பெற்ற மகளை வழியனுப்பிவிட்டு இந்தச் சந்தேகப் பிராணியோடு நான் என்ன செய்வேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பின்னறையிலிருந்து எங்கள் பெண் வந்தாள். கையில் நெயில் பாலிஷ் பாட்டிலும் ரிமூவர் பாட்டிலும் இருந்தன. இரண்டையும் ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“நான்தான்ப்பா.”

மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் வண்டியைப் பின்னால் எடுத்தபோது சக்கரத்தில் கடக் கடக்கென்று சத்தம் கேட்டதாம். அவர் சாப்பிட உள்ளே வந்ததும் போய் ஸ்பேனரை வைத்துப் பார்த்திருக்கிறாள். எல்லா நட்டும் இறுக்க இறுக்க இன்னும் திரும்பியது. அதிலிருந்து ஒவ்வொரு தடவை அவர் சக்கரத்தை மாட்டிய பிறகும் இவள் போய் நட்டுகளை மறுபடி இறுக்கி, பழைய கோட்டை ரிமூவரால் துடைத்துவிட்டுப் புதுக் கோடு போட்டிருக்கிறாள். இந்த முறை அவர் குளித்துவிட்டுச் சீக்கிரம் வந்துவிட்டதால் கடைசி நட்டை இறுக்கியும் கோட்டை மாற்றிப் போட நேரமில்லாமல் போயிற்று. என் அலமாரியில் ரிமூவர் தீர்ந்த மர்மம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதைக் கேட்டும் அவர் நம்பினாரா? புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றார். அவள் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“வாங்க, ஒரு நட்டைத் தளர்த்தித் தரேன். உங்க பலம் மொத்தத்தையும் போட்டு இறுக்குங்க.”

நாங்கள் நாலு பேரும் வண்டியருகே போனோம். அவர் இறுக்கினார். நெற்றி வியர்த்தது, உதட்டைக் கடித்துக்கொண்டார். இதற்கு மேல் அரை இம்மிகூட நகராது என்றார். அவள் ஸ்பேனரை வாங்கி, குனிந்து, ஒரு அழுத்து அழுத்தினாள். நட்டு கால் சுற்று திரும்பியது.

எனக்கு எல்லாம் ஒன்றுகூடிப் புரிந்துவிட்டது. “சட்டையைக் கழட்டுங்க” என்றேன். பெண் முன்னால், மாப்பிள்ளை முன்னால் என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. அவர் இடது கையால் ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினார். வலது தோள் முழுக்கப் புதினா வாடை அடிக்கிற வலித் தைலம். தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. மழையில் ஈரமாக இருந்த வண்டித் தட்டிலிருந்து கண்ணாடியோடு விழுந்திருக்கிறார். “கண்ணாடி உடையலை” என்றார், அதுதான் முக்கியம் என்பது போல.

“ஏன் சொல்லலை?”

“சொன்னா வண்டியை விட்டுடச் சொல்வீங்க.”

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனிதர், தன் கையை மட்டும் சந்தேகப்படவே இல்லை. இவள் மட்டும் இறுக்காமல் விட்டிருந்தால் அந்த இறக்கத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். அந்த நட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “அப்போ இத்தனை நாளா நீ இறுக்கினதுலதான் நான் ஓட்டிட்டு இருந்தேனா?” என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள்.

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மாப்பிள்ளையிடம் போய், அந்த போட்டோவைத் தன் போனுக்கும் அனுப்பச் சொன்னார். மாப்பிள்ளை போனை எடுத்தார். வண்டிக் கதவு திறந்திருக்கிற மாதிரி ஒன்று, சாத்தியிருக்கிற மாதிரி ஒன்று, எது வேண்டும் மாமா என்று கேட்டார். வேறு வீட்டுப் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. தோளுக்கு வைத்தியம் நடக்கிறது. கண்ணாடியை ஏற்றி இறக்கக் கடைக்காரர் ஆள் அனுப்புகிறார், வண்டியை மட்டும் இவர் ஓட்டுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பெடல் பஞ்சாகிவிட்டது, ஏர் எடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் பெண் துணியை விரித்து வண்டிக்குக் கீழே படுத்தாள். மாப்பிள்ளை டார்ச்சைப் பிடித்தார், வெளிச்சம் எங்கெங்கோ போய் அவளிடம் திட்டு வாங்கினார். நான் வழக்கம்போல ஏறப் போனேன். என் வீட்டுக்காரர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். அவர் இருந்த இடத்திலிருந்து சக்கரமும் தெரியாது, நிப்பிளும் தெரியாது, அவள் கையும் தெரியாது.

“மிதிங்கப்பா. பிடிச்சுக்கோங்க.”

அவர் மிதித்துப் பிடித்தார். கீழே ஆயில் சொட்டுகிற சத்தம் கேட்டது.

“மூடிட்டியா?”

“மூடிட்டேன்ப்பா, விடுங்க.”

இன்னொரு தடவை கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் காலை எடுத்துவிட்டார்.