அப்பாவுக்குக் கிடைத்த எம்.எஸ்.டபிள்யூ. சீட்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு பிரவுசிங் சென்டரில்தான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. முதுகலை சமூகப்பணிக்கு, அதாவது எல்லோரும் எம்.எஸ்.டபிள்யூ. என்று சொல்கிற படிப்புக்கு, விண்ணப்பம் போட நான் போயிருந்தேன். அப்பா பணி ஓய்வு பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் என்னோடு கிளம்பி வந்திருந்தார். கடைக்காரர் என் சான்றிதழ்களை ஸ்கேன் செய்துகொண்டே, சும்மா பேச்சுக்கு, "சார், உங்களுக்கும் ஒன்னு போட்ருவமா?" என்றார். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"வயசு வரம்பு இருக்கா?"

"அப்படி ஒன்னும் போடல சார். டிகிரி மட்டும்தான் கேக்குறாங்க."

"டிகிரி இருக்கு. கரஸ்பாண்டன்ஸ்ல பி.ஏ. வரலாறு. இந்தப் புள்ள பால்வாடி போகும்போது முடிச்சது." அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப ஒன்னு போடுங்க."

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்தச் சிறப்பு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரை நடத்துநராகவே அறிந்தவர்கள். அவருடைய கடைசிக் காலத்தை, அதாவது கல்லூரி மாணவராக இருந்த காலத்தை, உங்களில் பலர் வதந்தியாகத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

குஜிலியம்பாறைக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் அப்பா பிறந்தார். மழை பெய்தால் சோளமும் கடலையும் விளையும். பெய்யாவிட்டால் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோதே தகப்பனை இழந்தார். அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகும் வேனில் கிளீனராகச் சேர்ந்து, இரண்டு தங்கைகளைக் கரையேற்றினார். அந்த வேனில் ஆடுகளை எப்படி நெருக்கி நிற்க வைத்தாரோ அதே திறமையைத்தான் பிறகு அரசுப் பேருந்திலும் காட்டினார் என்று அத்தைகள் இருவரும் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நடத்துநர் வேலையில் அப்பாவைக் குறை சொன்னவர் கிடையாது. போதையில் தூங்குகிறவரை எந்த ஊரில் எழுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கைக்குழந்தையோடு ஏறுகிற பெண்ணுக்கு இடம் கிடைக்கும் வரை விசில் கொடுக்க மாட்டார். பேருந்தில் ஏறுகிற எல்லோரும் அவரிடம் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். ஆனால் ஒரு கதையையும் அவர் முழுதாகக் கேட்டதில்லை. அடுத்த நிறுத்தம் வந்துவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு வீடே பேருந்தாகிவிட்டது. அடுப்படியில் அம்மா வழியில் நின்றால், "முன்னாடி போ, முன்னாடி எடம் இருக்கு" என்பார். காய்கறிக்காரரை இரண்டு நிமிடத்துக்கு மேல் எங்கள் வாசலில் நிற்க விடமாட்டார். "இவரை எங்கயாச்சும் சேத்து விடு. இல்லாட்டி நான் எங்கயாச்சும் போயிருவேன்" என்று அம்மா என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பிரவுசிங் சென்டரில் இது நடந்தது.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் எழுத வேண்டும்: இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? நான் அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டு, இன்னொரு பக்கமும் சேர்த்து எழுதினேன். அப்பா ஒரு முழு நாள் உட்கார்ந்தார். பணிக்காலத்தில் மேலிடத்துக்கு அவர் எழுதியதெல்லாம் மெமோவுக்குப் பதில் மட்டும்தான். ஆகவே இதையும் அப்படியே எழுதியிருந்தார்.

"மதிப்பிற்குரிய அம்மையீர், மேற்படி படிப்பில் சேர விரும்பியது தொடர்பாகத் தாங்கள் கோரிய விளக்கத்தைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். நான் இப்படிப்பை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கவில்லை. அன்றைய சூழ்நிலையே காரணம். எனது நீண்டகாலப் பணியையும் குடும்ப நிலையையும் கருத்தில் கொண்டு என் மீது மேல்நடவடிக்கை ஏதுமின்றி அனுமதி வழங்கவும். இனிவரும் காலங்களில் இதுபோல் நடவாது என உறுதியளிக்கிறேன்."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பாவுக்கு எது தவறு என்றே புரியவில்லை.

"இதுல என்ன கொற? மரியாதையாத்தான எழுதியிருக்கு?"

"அப்பா, அவங்க உங்களைச் சஸ்பெண்ட் பண்ணப் போறதில்ல. நெசமாவே எதுக்குப் படிக்கணும்னு கேக்குறாங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அம்புட்டு வருசமா பஸ்ஸுல பாதிக் கததான் கேட்டுருக்கேன். முக்கியமான எடம் வரும்போது அவுகளுக்கு ஸ்டாப் வந்துரும். 'சரிண்ணே, வாரேன்'னு எறங்கிருவாக. புருசன் திரும்பி வந்தானா, மகன் ஆஸ்பத்திரியில பொழச்சானா, ஒன்னும் தெரியாது. மிச்சக் கதை தெரியாமயே ரிட்டயர் ஆயிட்டேன். ஒருத்தரையாவது உக்கார வச்சு கடைசி வரைக்கும் கேக்கணும்."

"இதையே எழுதுங்கப்பா."

"இதெல்லாம் மேலிடம் ஒத்துக்குமா?"

ஒத்துக்கொண்டது. இருவருக்கும் ஒரே நாளில் நேர்காணல் வந்தது.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரிதான். அம்மா இருவருக்கும் சேர்த்து ஒரே டப்பாவில் தக்காளிச் சோறு கட்டிக் கொடுத்தார். முதலில் நான் போனேன். துறைத் தலைவராக இருந்த பேராசிரியை நிதானமானவர். அவர் கேள்வி கேட்கத் தொடங்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டதால் சொல்லிவிட்டேன். எல்லாக் கேள்விக்கும் அப்படியே செய்தேன். கடைசியில் அவர், "நல்லாப் பேசுறம்மா. கேள்வி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசுனா இன்னும் நல்லாருக்கும். அடுத்த வருசம் வா" என்றார்.

அடுத்தது அப்பா. கதவு திறந்திருந்ததால் வெளியே இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. அவருக்கு ஒரு நடிப்புச் சோதனை. ஆராய்ச்சி மாணவி ஒருவர், குடிகாரக் கணவரால் துன்பப்படும் பெண்ணாக நடித்து உதவி கேட்டு வருவார். அப்பா பேச வேண்டும்.

"ஐயா, எங்க வீட்டுல ஒரு பிரச்சினை..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தார்.

"எங்கிருந்துமா வாரீங்க?"

"வேடசந்தூர். அவரு தெனமும் குடிச்சிட்டு..."

"வேடசந்தூருக்கு மகளிர் ஸ்டேஷன் இருக்கு. கம்ப்ளெய்ண்ட் குடுங்க. போதை மறுவாழ்வுக்குத் திண்டுக்கல்லுலயே எடம் இருக்கு, பஸ் நிக்கிற எடம் சொல்றேன். சரியா? அடுத்து யாரு?"

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தாராம். அறைக்குள் சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. "ஐயா, அந்தப் பொண்ணு இன்னும் ஏறவே இல்ல. அதுக்குள்ள எறக்கி விட்டுட்டீங்களே" என்றார் துறைத் தலைவர். பிறகு என்ன நினைத்தாரோ, அப்பா எழுதிய பக்கத்தை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, "இரண்டாம் கட்டக் கலந்தாய்வுக்கு வாங்க. அதுக்குள்ள கொஞ்சம் கேட்டுப் பழகிட்டு வாங்க" என்றார்.

பேருந்தில் திரும்பும்போது, எனக்குக் கிடைக்கவில்லையே என்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது, அவரை எப்படியாவது உள்ளே நுழைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது.

மறுநாளே பயிற்சி தொடங்கினேன். கதை சொல்ல எதிர்வீட்டு ராஜாமணி அத்தையைப் பிடித்தேன். மருமகளைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று பல வருடங்களாகக் காத்திருப்பவர் அவர். விதி ஒன்றுதான். அத்தை முடிக்கும்வரை அப்பா யோசனை சொல்லக் கூடாது.

முதல் நாள் அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை கல்யாணத்துக்குப் பெண் பார்த்ததிலிருந்து ஆரம்பித்தார். கதை இன்னும் நிச்சயதார்த்தத்தைக்கூட எட்டவில்லை, அப்பாவின் இடது கை விரல்கள் தாமாகவே டிக்கெட் கட்டைப் பிடிக்கிற மாதிரி விரிந்துகொண்டன. வலது கை சட்டைப் பைக்குப் போனது. "சரி ராஜாமணி, முன்னாடி வா, முன்னாடி வா" என்றார். அத்தை கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் போய்ச் சமாதானம் செய்து கூட்டி வந்தேன்.

மூன்றாம் நாள் அப்பா வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அன்று அத்தை பேறுகாலம் வரை வந்துவிட்டார். தெருவில் பேச்சு கிளம்பியது. அண்ணனுக்கு வாய்ப்புண், அண்ணன் பழனிக்கு மாலை போட்டு மௌன விரதம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். அம்மா மட்டும் முறைத்துக்கொண்டே வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கட்டுன பொண்டாட்டிக்குச் செத்த நேரம் காது குடுக்கல. ராஜாமணிக்கு மட்டும் தவம் இருக்காரு."

"அப்ப நீயும் வந்து உக்காரும்மா. நீதான் இன்னைக்கு கேஸ்" என்றேன் நான்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். அம்மா அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"இவளுக்கு ரெண்டு வயசு. ராத்திரியெல்லாம் காய்ச்சல், விடிஞ்சதும் வெட்டு வலிப்பு மாதிரி இழுத்துச்சு. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். வந்தது உங்க பஸ்ஸு. அப்பாடா, நீங்க இருக்கீங்கன்னு ஏறுனேன். ஒரே கூட்டம். நீங்க கையை நீட்டி, 'எங்கம்மா போகணும்?'னு கேட்டீங்க. 'திண்டுக்கல்'னேன். டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டு அடுத்த ஆளுகிட்ட போயிட்டீங்க. என் மொகத்த நீங்க பாக்கல."

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போகவில்லை. நான் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"ஏன் கூப்புடலன்னு கேப்பீங்க. கூப்புட்டா பஸ்ஸ நிறுத்திருவீங்க, நேரம் ஆயிரும்னுதான் கூப்புடல."

அப்பா யோசனை சொல்லவில்லை, மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அம்மா தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரி, தங்கிய இரவு, யாரோ தந்த காபி, எல்லாம். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்புட்டுத்தான். இன்னைக்கு ரசம் மட்டும்தான்" என்று எழுந்து போனார்.

இரண்டாம் கட்டக் கலந்தாய்வில் அதே ஆராய்ச்சி மாணவி அதே பெண்ணாக வந்தார். இம்முறை அப்பா பேசாமல் இருந்ததில், அந்த மாணவி ஒத்திகை பார்த்து வைத்திருந்த கதை தீர்ந்து, தன் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். அப்பாவுக்கு இடம் கிடைத்தது.

அம்மாவுடன் பிறந்த ஒட்டன்சத்திரத்து மாமா போன் போட்டார். "ஏனுங்க மச்சான், இந்த வயசுல பரீட்சை எழுதி யாரு வீட்டுக்கு மாப்பிள்ளையாப் போறீங்க?" என்றார். "ஒங்க வீட்டுக்குத்தான் போனேன், படிக்காமப் போயிட்டேன். அதான் இப்பப் படிக்கிறேன்" என்றார் அப்பா.

வகுப்பில் உடன் படித்தவர்கள் அவரை "அப்பா" என்றே கூப்பிட்டார்கள். களப்பணிக்கு முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போன முதல் நாள், வாசலில் இருந்தவர், "கூட யாரும் வரலையா பெரியவரே, பரவாயில்ல, இது உங்க வீடு மாதிரி" என்று உள்ளே கூட்டிப் போய்க் கட்டில் காட்டிவிட்டார். மதியச் சாப்பாடு முடிந்த பிறகுதான் அப்பா தன் கல்லூரி அடையாள அட்டையைக் காட்ட முடிந்தது. "ஏன் அப்பவே சொல்லல?" என்று நாங்கள் கேட்டதற்கு, "அவரு பேசிக்கிட்டு இருந்தாரு, முடிக்கட்டும்னு விட்டேன்" என்றார்.

இறுதி ஆண்டு ஆய்வுக்கு அப்பா எடுத்த தலைப்பு, ஓட்டுநர் நடத்துநர் வீட்டுப் பெண்களைப் பற்றியது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டில் ஆண் இல்லாத அந்தப் பெண்களின் கதையை, அவர்களே சொல்லி முடிக்கும்வரை கேட்பது. தலைப்பு எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும். ஆனால் அவரோடு பணிபுரிந்தவர்களின் மனைவிமார் அவரைக் கண்டதும் எழுந்து நின்று, "நல்லாருக்காருங்கண்ணே, ஒரு கொறையும் இல்ல" என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆகவே அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். அம்மா உட்கார்ந்தால் அவர்கள் பேசினார்கள். அப்பா வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

பாதி வீடுகள் முடிந்திருந்தபோது அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவமனையில் இருந்த நாட்களில் பக்கத்துப் படுக்கைக்காரர் தன் நிலத்தகராறைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா பக்கம் நான் போய், "அவரை நிறுத்தச் சொல்லவாப்பா?" என்றேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றார். மறுநாள் காலை அப்பா காலமானார். நிலத்தகராறு சொன்ன அந்தப் பெரியவர் இறுதிச் சடங்குக்கு மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது எங்களுக்கு மறக்காது.

அந்த நேரத்தில் எங்களைத் தாங்கியவர்கள் பலர். தேர்வை விட்டுவிட்டுப் பந்தலுக்கு நாற்காலி போட்ட அப்பாவின் வகுப்புத் தோழர்கள், டூட்டி மாற்றிக்கொண்டு வந்த பணிமனை நண்பர்கள், வீடு தேடி வந்து அம்மாவோடு அரை நாள் பேசாமல் உட்கார்ந்திருந்த துறைத் தலைவர், மூன்று வேளையும் சோறு அனுப்பிய ராஜாமணி அத்தை, அத்தையின் மருமகள், ஒட்டன்சத்திரத்து மாமா குடும்பத்தார் அனைவருக்கும் அம்மாவும் நானும் கைகூப்பி நிற்கிறோம். யாராவது பெயர் விடுபட்டிருந்தால் வீட்டுக்கு வந்து திட்டுங்கள். சாப்பாடு உண்டு.

அப்பா முடிக்காமல் விட்ட வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதே படிப்புக்கு இந்த வருடம் நான் மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். அழைப்பு வருமா தெரியாது. அதுவரை காத்திருக்க அம்மா தயாராக இல்லை. குஜிலியம்பாறையில் ஒரு ஓட்டுநரின் மனைவி, அப்பாவும் அம்மாவும் போயிருந்தபோது பேச்சின் நடுவில் அழுது எழுந்து போனவர், இப்போது அம்மாவுக்குப் போன் போட்டு, "அண்ணி, நீங்க எப்ப வாரீங்க?" என்று கேட்கிறாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் இருவரும் போகிறோம். அம்மா அவருக்குப் பக்கத்தில் உட்காருவார். நான் வாசலில் உட்கார்ந்து, அவர் முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருக்க முயலப் போகிறேன்.