உரிமையாளர் என்று கேட்ட கட்டம்

கிணற்றுக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்தவள் நான்தான். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கிளம்பினால், ஈப்போ ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும்போதெல்லாம் அதே நினைப்பாக இருக்கும். அதனால் தினமும் வாளியை இறக்கி முடிச்சை எண்ணிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஒன்பதாம் முடிச்சில் நனைந்துகொண்டிருந்த வாளி, பக்கத்தில் தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்கும் தொழிற்சாலை வந்து ஆழ்குழாய் இறக்கிய பிறகு பதினேழில் நனைந்தது.

சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, ரப்பர் தோட்டம் கைமாறிய பிறகும் போக இடமில்லாமல் பதினொரு வீட்டுக்காரர்கள் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே இருக்கிறோம். குழாய்த் தண்ணீர் கடைசி வீட்டுக்கு நூலாகத்தான் வரும். கிணறு போனால் நாங்களும் போக வேண்டியதுதான். என் அப்பாவும் இன்னும் நாலு பேரும் பால்மரம் சீவி முடித்த மத்தியானங்களில் வெட்டிய கிணறு அது. தோட்டம் ஒரு மண்வெட்டிகூடத் தரவில்லை.

கிணறுகளைப் பதிவு செய்யாவிட்டால் அபராதம் என்று நில அலுவலகம் நோட்டீஸ் ஒட்டியது. மற்றவர்கள் படித்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குத் தூக்கம் போனது. ஆறாம் வகுப்போடு நின்றவள், மலாயில் இருந்த விண்ணப்பப் பாரத்தை எழுத்துக்கூட்டி நிரப்பி, யாரையும் கேட்காமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதில் கடிதத்தில், விண்ணப்பம் தள்ளுபடி, கிணற்றை மூட வேண்டும் என்று இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தது நம்ம தமிழ்ப் பெண்தான்.

“அக்கா, உரிமையாளர்னு கேட்ட கட்டத்துல தோட்டத்துப் பேர எழுதியிருக்கீங்க. தோட்டத்த வாங்குன கம்பெனி, ‘எங்களுக்கு இந்தக் கிணறு வேணாம், மூடிடுங்க’ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க லா.”

“எங்கப்பா வெட்டுன கிணறும்மா.”

“அத நீங்க எழுதலையே.”

“சரி, கிணறு அவங்களோடதுன்னே வச்சுக்க. உள்ள இருக்கிற தண்ணி யாரோடது?”

“மண்ணுக்குக் கீழ இருக்கிறது மாநிலத்தோடது. லைசென்ஸ் இருந்தா எடுக்கலாம்.”

“போத்தல்காரனுக்கு?”

“இருக்கு.”

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மேல்தான் முதலில் வந்தது. தோட்டத்தில் கூரை தோட்டத்துடையது, கதவு தோட்டத்துடையது. பல்பு பீஸ் போனால்கூடத் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் சொல்லித்தான் மாற்ற வேண்டும். எங்களுடையது என்று எதையும் எழுதிப் பழகாத கை, அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் தானாகத் தோட்டத்தின் பெயரை எழுதிவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும், பக்கத்து வீட்டு லாரிக்கார அண்ணன் சிரித்தார். “அபராதத்துக்குப் பயந்து கிணத்தையே தூக்கிக் குடுத்துட்டு வந்திட்டியேம்மா. நாளைக்கு என் லாரிக்கும் நீயே பாரம் எழுதிடாத.”

“சிரிங்க அண்ணே. மூடி போட வாரப்ப யாரு சிரிக்கிறான்னு பாப்போம்.”



பிறகு வந்த கோபம்தான் இன்னும் அடங்கவில்லை. தண்ணீர் எல்லாருக்கும் பொது, அதனால் அரசாங்கம் காவல் காக்கிறது என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. காவல் காப்பவர் எங்கள் வாளிக்குப் பாரம் கேட்கிறார். இரவு பகலாக உறிஞ்சும் குழாய்க்கு லைசென்ஸ் கொடுத்துத் தொழில் வளர்ச்சி என்கிறார். லைசென்ஸ் கொடுத்த நாளில் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் எத்தனை கிணறு இருக்கிறது என்று யாராவது வந்து எட்டிப் பார்த்தார்களா? எங்கள் லயத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. பத்திரம் இருப்பவனுக்கு மேலே மண், லைசென்ஸ் இருப்பவனுக்குக் கீழே தண்ணீர். நடுவில் நின்று வெட்டியவனுக்கு எந்தப் பாரத்திலும் கட்டம் இல்லை.

முறையீட்டுப் பாரம் ஒன்று இருக்கிறது என்று அந்தப் பெண்தான் சொன்னாள். வாங்கி வந்தேன். அதிலும் அதே கட்டம். பதினொரு வீட்டுப் பெயரும் எழுதுகிறேன் என்றதற்கு, ஒரு பெயரும் ஒரு அடையாளக் கார்டு நம்பரும்தான் எழுதலாம் என்றாள். உங்கள் பெயரை எழுதட்டுமா என்று கேட்டதற்கு லாரிக்கார அண்ணன் கையை விரித்தார். அபராதம் வந்தால் அந்த நம்பருக்குத்தான் வரும் என்பது எனக்கும் தெரியும்.

என் பெயரையே எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

பதில் வரவில்லை. மூடியும் இன்னும் வரவில்லை. இன்று காலை பதினெட்டாம் முடிச்சு.