என் மனைவியின் நெஞ்சுச் சத்தம்

கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த இரண்டாவது வருஷம் என் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாங்கள் குடியிருந்த லேபர் கேம்ப் குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். டாக்டருக்குப் படிக்கிறவர்கள் நிறைந்த அந்தப் பழைய பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சேர்த்த ஒரு வாரத்தில் அவள் அங்கே பெரிய ஆளாகிவிட்டாள்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாம். அதனால் எழும் சத்தம் பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல அச்சு அசலாகக் கேட்கிறது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், காலையும் மாலையும் கட்டிலைச் சுற்றி மாணவர் கூட்டம். அதுவரை இந்தியில் வாய் திறக்காதவள், அவர்கள் கேட்கும் முன்பே "சாஸ் லோ, சாஸ் ரோகோ" என்று தானே சொல்லி, மூச்சை இழுத்துப் பிடித்தாள். மாணவர்களின் பரீட்சைக்கும் கேஸாக இவளைத்தான் வைத்தார்கள். பாஸான பெண்ணொருத்தி பேடா வாங்கி வந்து கொடுத்தாள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் நாலு பேர் முன்னால் பெண்டாட்டியோடு நேருக்கு நேர் பேசுவது வழக்கமில்லை. நான் கால்மாட்டில் நின்றுகொண்டு, பக்கத்துக் கட்டில் தூத்துக்குடி அக்காவிடம், "சாப்பிட்டாளான்னு கேளுங்கக்கா" என்பேன். "சாப்ட்டாச்சுன்னு சொல்லுங்கக்கா" என்பாள் இவள். அந்த அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

இதய ஆபரேஷன் அங்கே அப்போதுதான் தொடங்கியிருந்தது. விரலை விட்டு வால்வை அகலமாக்கலாம், இப்படியே விட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் பேராசிரியர். இவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"நெஞ்சுக்குள்ள வெரல உடுவாவளாம்லா! முடியாதுன்னு சொல்லுங்கக்கா."

கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். கடைசியில் அக்காவிடம் உண்மையைச் சொன்னாள். "சத்தம் போயிருமாம்க்கா. பொறவு என்னய யாரு பாக்க வருவா?" இப்போது கேட்டால் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிப்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் ஊசலாடுகிறது, இவளுக்குக் கூட்டம் குறைந்துவிடுமே என்று கவலை! "அப்படி என்ன கச்சேரி நடக்கு உள்ள?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற மாணவர் பம்பாய் மாட்டுங்காவைச் சேர்ந்த தமிழர். "கேட்டுப் பாருங்களேன் சார்" என்று ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டி, மறுமுனையை அவள் நெஞ்சில் வைத்தார். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் குனிந்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டர். பேரிங் போன மெஷின் எப்படி உறுமும் என்று எனக்குத் தெரியும். அது எந்த நிமிஷம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவளுக்குள் கேட்டது அதே உறுமல். காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

"ஏட்டி, எனக்குப் பயமா இருக்குட்டி," என்றேன். கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"ஊர்ல உள்ளவுக எல்லாம் வந்து கேட்டாச்சு," என்றாள். "நீங்க இன்னிக்குத்தான் கேக்கிய."

பிறகு அந்த மாணவரைப் பார்த்து, ஆபரேஷன் என்றைக்கு என்று கேட்டாள்.