குருவிக்காட்டில் அத்தான் இறங்கிய நாள்

கார்க் கதவைத் திறக்காமல், கண்ணாடியை மட்டும் பாதி இறக்கிவிட்டு அத்தான் உட்கார்ந்திருந்த கோலம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மாசி மாதத்துக் காலை. புத்தூரிலிருந்து மீசாலைக்குப் போகும் தெரு நீரேரியைக் கடக்குமிடத்தில் காரை ஓரங்கட்டியிருந்தேன். இரு பக்கமும் மாரிமழை விட்டுப்போன தண்ணீர், அதற்கப்பால் கண்டல் மரங்கள். சரசாலைக் குருவிக்காடு என்று ஊரவர்கள் சொல்லும் அந்தச் சதுப்பு நிலம் பறவைகளின் புகலிடம். வெகு தொலைவில், தண்ணீரின் மேல், இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பூநாரைகள் என்று என் மகள் துள்ளினாள். அத்தான் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் காருக்கையே இருக்கிறன்" என்றார்.

அத்தான் என் அக்காவின் கணவர். நில அளவையாளராக இருந்தவர். மருதனார்மடத்தில் அவர்களுடைய ஒழுங்கையில் 'சேவையர் ஐயா' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். குடாநாட்டில் அவர் கால் படாத வயல் வரம்பும் பனங்காடும் குறைவு. யார் சொல்லையும் கேட்கிற மனிதர் அல்லர். குடை கொண்டுபோங்கள் என்றால் நனைந்துகொண்டு வருவார். காய்ச்சலோடு படுத்திருங்கள் என்றால் அன்றைக்கென்று கரவெட்டியில் காணி அளக்கப் போய்விடுவார். "நான் ஒண்டைச் சொன்னால் இந்த மனிசன் அதுக்கு எதிராத்தான் செய்யும்" என்பது அக்காவின் நிரந்தர முறைப்பாடு. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபத்தைவிடச் சிரிப்பே கூடுதலாக இருக்கும். நான் அப்போது அதைக் கவனித்ததில்லை.

ஓய்வுபெற்ற சிறிது காலத்தில் அவருக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது, இனி நன்றாக நடக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தவர் வேறொரு ஆளாக வந்தார். வாசல் படலை வரைக்கும் போகமாட்டார். இருமல் வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். உப்பில்லாத குரக்கன் பிட்டை வைத்தால் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார். குளிக்கலாமா, முற்றத்தில் இருக்கலாமா, பேப்பர் பார்க்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் அக்காவைக் கேட்பார். வருகிறவர்கள், "இப்ப சேவையர் எவ்வளவு அமைதி" என்று மெச்சிவிட்டுப் போவார்கள். அக்கா தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அந்த நாட்களில் அவள் மிகவும் மெலிந்து போனாள். ஒருநாள் தொலைபேசியில், "எங்கையாவது வெளியிலை கூட்டிக்கொண்டு போ பிள்ளை. எனக்கு வீட்டுக்கை மூச்சு முட்டுது" என்றாள். அதனால்தான் அன்றைக்குக் குருவிக்காட்டுக்குப் போனோம்.

அத்தானைக் காரில் விட்டுவிட்டு அக்கா, மகள், நான் மூவரும் கரையோரமாக நடந்தோம். கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. கரண்டிவாயன்கள் சேற்றை இடமும் வலமும் அளைந்தபடி நகர்ந்தன. மகள் தொலைநோக்கியை அக்காவிடம் கொடுத்தாள். அக்கா அதைக் கண்ணில் வைத்தாள், ஆனால் காரின் பக்கம்தான் பார்த்தாள்.

திரும்பி வரும்போது, காருக்குக் கிட்டவாகவே மகள் அதைக் கண்டாள். யாரோ எறிந்துவிட்டுப்போன தங்கூசி வலைத் துண்டொன்று தண்ணீரில் நட்டிருந்த தடியில் சுற்றிக் கிடந்தது. அதில் ஒரு பவளக்கால் உள்ளான் சிக்கியிருந்தது. வெள்ளை உடம்பு, கறுப்பு இறகு, குச்சிபோல நீண்ட சிவப்புக் கால்கள். அது செட்டையை அடிக்க அடிக்க நைலோன் நூல் மேலும் இறுகியது. மகள் யோசிக்காமல் இறங்கினாள். இரண்டாவது எட்டிலேயே முழங்கால் வரை புதைந்து, எடுக்கமுடியாமல் நின்றாள்.

"அசையாதை பிள்ளை! அப்பிடியே நில்!"

அத்தானின் குரல். எத்தனையோ மாதங்களாக நாங்கள் கேட்காத குரல். காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "சேறு கறுப்பா இருக்கிற இடத்திலை காலை வைக்கக் கூடாது. புல்லு நிக்கிற பக்கத்தாலை வரவேணும்" என்று சொல்லிக்கொண்டே மகளின் கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டார். பிறகு பறவையின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாருங்கோ! உங்களுக்கென்ன விசரே? வாங்கோ இஞ்சாலை!" அக்கா கத்தினாள். "ஒப்பரேசன் செய்த உடம்பு! நான் சொல்லுறது கேக்குதோ?"

கேட்டிருக்கும். அவர் திரும்பவில்லை. ஒவ்வோர் அடியாகச் சோதித்து வைத்துப் போய், வலையோடு சேர்த்துப் பறவையை மெல்ல எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா அழுதுகொண்டே, மாத்திரை அட்டை வெட்டுவதற்கென்று கைப்பையில் வைத்திருந்த சின்னக் கத்தரிக்கோலை நீட்டினாள். அவர் பறவையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருக்க, நான் நூல்களை ஒவ்வொன்றாக வெட்டினேன்.

"இதின்ரை நெஞ்சு என்ன அடி அடிக்குது" என்றார் அத்தான். "இஞ்சாரும், ஒருக்காத் தொட்டுப் பாரும்."

அக்கா ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். பயத்தில் அடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன நெஞ்சின் மேல் இருவரின் கைகளும் சிறிது நேரம் அப்படியே இருந்தன. விட்டதும் உள்ளான் தண்ணீரில் தள்ளாடி நின்றது. ஒரு காலை உதறியது. பிறகு கீக் கீக் என்று கத்திக்கொண்டு தன் கூட்டத்தை நோக்கிப் பறந்தது. அத்தான் தொடைவரை சேற்றோடு நின்று சிரித்தார். "பசிக்குது" என்றார்.

அதன் பிறகு அவர் நடந்தார். முதலில் படலைவரை, பிறகு சந்திவரை, பிறகு ஒவ்வொரு மாசியிலும் குருவிக்காட்டுக் கரை முழுவதும். உப்பில்லாத பிட்டைத் தள்ளிவைக்கவும் தொடங்கினார். ஆண்டுகள் சில போயின. கடைசியில் அவரைக் கொண்டுபோனது நெஞ்சு அல்ல, ஒரு காய்ச்சல்.

அத்தானின் முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்த பிறகு, இந்த மாசியில், அக்காவே என்னை அழைத்தாள். மகள் இப்போது வெளிநாட்டில். நாங்கள் இருவர் மட்டும் போனோம். வெயில் ஏறவில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. கண்டல் மரங்களுக்குக் கிட்டவாக அக்கா நின்றாள்.

"அண்டைக்கு நான் அழுதது பயத்திலை எண்டுதானே நினைச்சனீ?"

"ஓம். பின்னை?"

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த மனிசன் என்ரை சொல்லைக் கேக்காமல் போனது. அந்தச் சந்தோசத்திலை."