மணிமங்கலம் ஷேர் ஆட்டோவில் துணி சுற்றிய கைகள்

மணிமங்கலம் கோயிலுக்குப் போக வேண்டும் என்று மூன்று வருடமாக வாய்ப்பந்தல் போட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பியே விட்டேன். தாம்பரத்திலிருந்து படப்பைக்கு பஸ். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய்.

பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். இரண்டு கைகளிலும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தார். ஆட்டோ பள்ளத்தில் இறங்கியபோதுகூட கம்பியைப் பிடிக்கவில்லை, என் மேலேயே சாய்ந்தார்.

"மேடம், என் பைலருந்து இருவது ரூபா எடுத்து டிரைவராண்ட குடுங்களேன்."

தீக்காயமா என்று கேட்டேன்.

"இல்ல மேடம், ரேகைக்கு. கேன்டீன்ல பாத்திரம் தேய்க்கிறேன். சோப்புத் தண்ணியில ரேகை அழிஞ்சி போவுது. ரெண்டு நாள் வேலைக்குப் போவாம, எண்ணெ தடவி சுத்தி வெச்சாத்தான் பணம் எடுக்குற மிஷின் ஏத்துக்கும்."

பெயர் அம்சா. விதவை உதவித்தொகை மாதம் ஆயிரத்து இருநூறு. அதை எடுக்க இரண்டு நாள் கூலி தொள்ளாயிரம் போகிறது. ஆட்டோவுக்கு நாற்பது, ரேகை வாங்கிக்கொண்டு பணம் எடுத்துத் தரும் கடைக்காரருக்கு ஐம்பது. மீதி இருநூற்றுப் பத்து. பாங்கில் கேட்டால், சின்னப் பணத்துக்குக் கடைக்குப் போ என்கிறார்களாம். படப்பைக் கடை மிஷின் இவர் விரலை ஏற்பதே இல்லை, அதனால்தான் மணிமங்கலம் கடைக்கு வருகிறார்.

"நாலு மாசம் சேர்த்து எடுக்கலாமே?" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

"வூட்டு ஓனரு வாடகைய சேத்து வாங்கிக்கினா நானும் சேத்து எடுப்பேன். நாளைக்கு வாடக குடுக்கணும் மேடம்."

கோயில் நடை சாத்தியிருந்தது. கடைக்கு எதிரே டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அம்சா துணியைப் பிரித்து, விரலை முந்தானையில் துடைத்து, மிஷினில் வைத்தார். முதல் தடவையே பச்சை விளக்கு எரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் அப்படியொரு சந்தோஷம்.

"ரேகை விழுந்துச்சிம்மா. சர்வர்தான் கெடைக்கல. நாளைக்கு வா," என்றார் கடைக்காரர்.

"நாளைக்கா? இன்னிக்கு ரெண்டரை மணி ஷிப்டுக்குப் போவலன்னா சூப்பர்வைசர் வேற ஆளப் போட்டுருவாருண்ணா."

இன்னும் மூன்று முறை வைத்தார். ஒவ்வொரு முறையும் பச்சை விளக்கு எரிந்தது, பணம் வரவில்லை. மணி ஒன்று. வாடகைக்கு நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். இருநூற்றுப் பத்து ரூபாய்க்காக ஒரு மனுஷி தன் கையைக் குழந்தை மாதிரி பொத்தி வைத்திருந்தாள். அன்று சாயங்காலமே அந்த ரேகை சோப்புத் தண்ணீரில் கரையப் போகிறது.

நீங்கள் கோயிலுக்குப் போவதாக இருந்தால் பதினோரு மணிக்குள் போய்விடுங்கள். மதியம் நடை சாத்திவிட்டால் சாயங்காலம்தான் திறப்பார்கள். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். ரோடு மோசம், ஆட்டோவில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். போகும்போது பிடிக்காத அம்சா, திரும்பும்போது துணியைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, வழி முழுக்க இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.